துணைக்கு வந்தவர்

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வாசலுக்கு எதிரே நிழல் எங்கே விழுகிறதோ அங்கே அவர் நிற்பார். காலை ஒன்பதுக்கு மரத்தின் மேற்குப் பக்கம், பன்னிரண்டுக்கு அடிமரத்தை ஒட்டி, மூன்று மணிக்குக் கிழக்குப் பக்கம். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கக்கத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் ஃபைல். இன்டர்வியூ அவருக்கல்ல, மகளுக்கு. அவர் துணைக்கு வந்தவர்.

இவரை ஓர் ஆளாக நினைத்துவிட வேண்டாம். கம்பெனிகள் ஆள் எடுக்கிற பருவத்தில் அந்தப் பக்கம் போனால் இவரைப் போல இருபது பேரைப் பார்க்கலாம். பாதிப் பேர் கொல்லம், ஆலப்புழைக்காரர்கள். மீதிப் பேர் விடியற்காலை ரயிலில் நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் ஏறியவர்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கண் ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், விமானம், மேற்படிப்பு என்று எது வந்தாலும் அந்த மாவட்டத்துக் கால்கள் தாமாகவே திருவனந்தபுரம் தம்பானூரில்தான் போய் இறங்கும். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் வந்தது 1979-ல்தான். அதற்கு முன்பு பஸ்ஸில் போனார்கள், அதற்கும் முன்பு வில்வண்டியில். எதில் போனாலும் துணைக்கு ஒருவர் உண்டு.

டெக்னோபார்க்குக்கு நேரே கழக்கூட்டத்தில் இறங்கலாம். ஆனால் துணைக்கு வந்தவர் தம்பானூரில்தான் இறங்குவார். கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் திருவனந்தபுரத்தில் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது என்பது அவர் கட்சி. அங்கே தேங்காய் உடைகிற சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மகளுக்கு ஒன்று போதும். அவர் மூன்று வாங்குவார்: எழுத்துத் தேர்வுக்கு ஒன்று, டெக்னிகல் ரவுண்டுக்கு ஒன்று, எச்.ஆர். ரவுண்டுக்கு ஒன்று. "எழுத்துத் தேர்வுதான் ஆன்லைன்ல போன மாசமே முடிஞ்சிட்டேப்பா" என்பாள் மகள். "அதுக்குள்ள பாக்கி மக்களே" என்று உடைப்பார்.

பிறகு இந்தியன் காபி ஹவுஸ். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கோபுரத்துக்குள் மாடிப்படி கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மேஜையும் இருக்கையும் அந்தச் சரிவிலேயே கட்டப்பட்டிருக்கும். விசிறித் தலைப்பாகை வைத்த பரிமாறுபவர் மசால்தோசையைக் கொண்டுவந்து வைப்பார். உள்ளே பீட்ரூட் மசாலா, செக்கச்செவேலென்று. "இதுக்குள்ள எதுக்குவே இந்தக் கலரு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒவ்வொரு முறையும் இன்னொன்று சொல்வார். ஃபைல் மேஜையில் வைக்கப்படாது. தரையே சரிவு, மேஜையை மட்டும் எப்படி நம்புவது? மடியில்தான் இருக்கும்.

அந்த ஃபைலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மேலே பத்தாம் வகுப்பு, அதன் கீழ் பன்னிரண்டாம் வகுப்பு, அதன் கீழ் பி.எஸ்ஸி. கணிதத்தின் ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல், டி.சி., நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். ஒவ்வொரு நகலிலும் பச்சை மையில் ஓர் அரசு அதிகாரியின் கையெழுத்து. சுய கையெழுத்தே போதும் என்று மத்திய அரசு அறிவித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது; அது அவருக்கும் தெரியும். "நம்ம கையெழுத்த நாமே நம்பினா போதுமா?" என்பது அவருடைய கேள்வி. பின்னால் பன்னிரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, குட்டி ஸ்டேப்ளர், பசைக்குப்பி, நீலப் பேனா, கறுப்புப் பேனா, நான்கு ரெவின்யூ ஸ்டாம்ப். கடைசிப் பையில் ரேஷன் கார்டு நகல். எந்தச் சாஃப்ட்வேர் கம்பெனி ரேஷன் கார்டு கேட்கும் என்று மகள் கேட்டதுண்டு. கேட்காத இடத்தில்தான் கேட்பார்கள் என்று பதில் வந்தது.

அந்தப் பட்டப்படிப்புச் சான்று திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தினுடையது. 1990-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். பெயருக்குரிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். திருவனந்தபுரத்து வாத்தியார் பெயரைப் போட்டுத் திருநெல்வேலியில் அச்சடித்த காகிதம், சரிபார்க்கத் திருவனந்தபுரத்துக்கே வந்திருக்கிறது. டெக்னோபார்க் தொடங்கியதும் அதே 1990-ல்தான். இதையெல்லாம் பக்கத்தில் நிற்கிற கொல்லத்துக்காரரிடம் அவர் எடுத்துச் சொல்வார். கொல்லத்துக்காரர் தலையாட்டிவிட்டு, தம் மகனின் ஃபைலில் நன்னடத்தைச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

இனி விஷயத்துக்கு வரலாம். மகள் வந்திருப்பது வெறும் வேலைக்கு அல்ல, வெறும் படிப்புக்கும் அல்ல. பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களைக் கம்பெனியே வேலைக்கு எடுத்து, கம்பெனிச் செலவிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.டெக். படிக்கவைக்கிற ஏற்பாடு. நாட்டில் இது புதிதல்ல. விப்ரோ 1995-லேயே பிலானியிலுள்ள பிட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இப்படி ஒன்றைத் தொடங்கியது; பிறகு வேலூர் வி.ஐ.டி.யும் சேர்ந்தது. வாரநாளில் வேலை, வாரக் கடைசியில் வகுப்பு. எச்.சி.எல். இன்னும் ஒரு படி கீழே இறங்கி, பிளஸ் டூ முடித்தவர்களையே 'டெக்பீ' என்று எடுக்கிறது. பயிற்சி கொடுத்து, வேலை கொடுத்து, பிட்ஸ், சாஸ்த்ரா போன்ற இடங்களில் பட்டமும் படிக்கவைக்கிறது. விப்ரோவின் சமீபத்திய அறிவிப்புகளில் முதல் வருட உதவித்தொகை மாதம் 15,000 ரூபாயில் தொடங்கி நான்காம் வருடம் 23,000-க்கு வருகிறது. கூடவே 60 மாத ஒப்பந்தம்.

இதற்கெல்லாம் ஒரே சொல்லாக மகள் வீட்டில் சொன்னது: "ஸ்பான்சர்டு எம்.டெக்."

அந்தச் சொல்தான் வினையாகிவிட்டது. குமரி மாவட்டத்தில், அதுவும் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம், ஸ்பான்சர் என்றால் டி.வி. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கிற சோப்புக் கம்பெனி அல்ல. ஸ்பான்சர் என்றால் அரபி. விசா கொடுப்பவர், விமானம் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர், அவர் கையெழுத்து இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாது, ஊருக்கும் வர முடியாது. துணைக்கு வந்தவர் குவைத்தில் பதினாறு வருடம் வெல்டராக இருந்தவர். வீடு அந்தக் காசில் கட்டியது. அந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு மகள் "எனக்கு ஸ்பான்சர் கிடைக்கப்போவுது" என்று துள்ளிக் குதித்தால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

"ஒரிஜினல வாங்கி வச்சுக்கிடுவாங்களா?" இதுதான் முதல் கேள்வி.

"ஸ்கேன் பண்ணிட்டுத் தந்துருவாங்கப்பா."

"அப்பம் அஞ்சு வருசம்ங்கது?"

"அது பாண்டு."

"அதத்தான் கேக்கேன்."

இந்த ஐந்து வருடத்தை அவர் பலவிதமாகப் பெருக்கிக் கழித்துப் பார்த்துவிட்டார். இப்போது இருபத்தொன்று, முடியும்போது இருபத்தாறு. நடுவில் வரன் வந்தால் என்ன சொல்வது? தரகர் நோட்டில் இரண்டே கட்டம்: படிப்பு, வேலை. 'எம்.டெக். படிக்கிறாள்' என்றால் இன்னும் முடிக்கவில்லையா என்பார்கள். 'வேலை பார்க்கிறாள்' என்றால் அந்தச் சம்பளத்தைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டு கட்டத்திலும் எழுதினால் பொய் என்பார்கள். மகளின் பெரியம்மா ஏற்கெனவே போனில் கேட்டுவிட்டாள்: "பிள்ள காலேஜுக்குப் போவுதா, ஆபீசுக்குப் போவுதா? ஒண்ணச் சொல்லு."

மர நிழலில் இந்த வழக்கு தினமும் விசாரணைக்கு வரும். துணைக்கு வந்தவர்கள் சேர்ந்தால் அது ஒரு பெஞ்ச். ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர் எப்படியும் இருப்பார், அவர்தான் தலைமை. பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்பார் ஒருவர். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறதே என்பார். உடனே பேப்பர் படிக்கிற இன்னொருவர் மறுப்பார்: 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் விஜயா வங்கி வழக்கில் என்ன சொன்னது? மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டதே. பெஞ்ச் கொஞ்ச நேரம் அமைதியாகும். நம்மவர் மட்டும், "அது பேங்கு. அவன் வட்டி போடத் தெரிஞ்சவன்" என்பார். இந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் நிழலில் நல்ல மரியாதை.

வாசல் காவலாளி வந்து, "சாரே, இவிடெ கூட்டம் கூடி நிக்கான் பற்றில்ல" என்பார். நம்மவர் தமக்குத் தெரிந்த மலையாளத்தை முழுக்க எடுத்து, "மகள் அகத்துண்டு, இன்டர்வியூவாணு" என்று சொல்ல, காவலாளி அதற்கு, "சரி அண்ணாச்சி, அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்று சுத்தத் தமிழில் பதில் சொல்வார். பாறசாலைக்காரராக இருக்கும். எல்லையோரத்து நாகரிகம் இது: அவனவன் அடுத்தவன் மொழியில் பேசுவான், இருவருக்கும் நன்றாகப் புரிந்த மொழியை யாரும் எடுக்க மாட்டான்.

உள்ளே இருக்கிற கட்டடங்களின் பெயர்களை அவர் காவலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். பம்பா, பெரியாறு, நிளா, சந்திரகிரி, பவானி, தேஜஸ்வினி. ஆற்றுப் பெயர்கள் வைத்தது அவருக்குப் பிடித்திருந்தது. "பவானி நம்ம ஆறுல்லா" என்று கொல்லத்துக்காரரிடம் ஆரம்பித்தார். அது அட்டப்பாடி வழியாகத்தானே போகிறது என்றார் கொல்லத்துக்காரர். அடுத்து பெரியாற்றின் பெயர் வந்திருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முல்லைப் பெரியாற்றை நினைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் டீ குடிக்கலாம் என்றார்கள்.

தகுதித் தேர்வு நடந்த கதையையும் சொல்ல வேண்டும். மகள் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எழுதினாள். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், அறையில் இன்னொரு முகம் தெரிந்தால் எச்சரிக்கை வரும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் கவனமாகத்தான் இருந்தார். முகம் தெரியாமல், கதவோரமாகக் கையை மட்டும் நீட்டி ஒரு தம்ளர் ஹார்லிக்ஸ் வைத்தார். கையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்பது இன்றைக்கும் அவர் வாதம்.

ஆனால் மாதிரி வினாத்தாள்களை மகளை விட அவர்தான் அதிகம் படித்திருந்தார். கணக்குப் பகுதியில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும்: ஒன்று 60 கிலோமீட்டர் வேகம், மற்றது 80, எத்தனை வினாடியில் ஒன்றையொன்று கடக்கும்? அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இரட்டைப்பாதை வேலை எத்தனையோ வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. "ரெண்டு வண்டி எதிரெதிரே வந்தா ஒண்ண நேமத்துல நிறுத்திப் போடுவான். மத்தது போன பொறவுதான் இது கிளம்பும். இதுல என்ன வினாடிக் கணக்கு?"

அடுத்தது ரத்த உறவுப் பகுதி. 'ஏ என்பவர் பி-யின் அங்கிள். பி-யின் தாயின் ஒரே சகோதரர் சி. சி-க்கு ஏ என்ன உறவு?' நாஞ்சில்நாட்டில் மருமக்கள்வழிச் சொத்துரிமையின் கூத்தை வைத்துக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். சொத்து மகனுக்கா, சகோதரி மகனுக்கா என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் ஏறிய சீமை அது. அங்கிருந்து வந்தவரிடம் 'அங்கிள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விடுவாரா? "அங்கிள்னா மாமனா, சித்தப்பனா, பெரியப்பனா, அத்தையக் கட்டினவனா? அது தெரியாம எப்படி விடை போடுவ? கேள்வியே தப்பு மக்களே." மகள் நான்காவது விடையைத் தேர்ந்தெடுத்தாள்: 'தரப்பட்ட தகவல் போதாது.' அது சரியான விடை. அன்று முதல் தர்க்கப் பகுதிக்கு அவரே பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தகுதி நிபந்தனைகளிலும் கில்லாடி. விப்ரோவின் திட்டத்தில் ஒரு விதி உண்டு: பட்டப்படிப்பில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் பிசினஸ் மேத்ஸும் அப்ளைடு மேத்ஸும் கணிதமாகக் கொள்ளப்படாது. நிழலில் நிற்கிற பி.சி.ஏ. பையன்களின் அப்பாக்களை அவர் இதை வைத்து மிரட்டி எடுப்பார். "கணக்கு இருக்கு, ஆனா கணக்குல வராது. மார்க் ஷீட்ட எடுங்க, என்ன போட்டிருக்குன்னு பாப்போம்." எடுப்பார்கள். பாவம், கை நடுங்கும். பாடத்தின் பெயர் வெறும் 'மேதமேட்டிக்ஸ்' என்று இருந்தால் அந்த அப்பா எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

மதியம் ஒன்றரைக்கு மகள் வெளியே வந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"ஓகேப்பா."

"ஓகேன்னு கேட்டாங்களா?"

இரண்டாவது இன்டர்வியூ இப்போதுதான் தொடங்குகிறது. உள்ளே பதினெட்டு நிமிஷம் நடந்தது, வெளியே ஒன்றே கால் மணி நேரம். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இருந்தவருக்கு எத்தனை வயதிருக்கும், மலையாளியா, ஃபைலைத் திறந்து பார்த்தார்களா? பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஃபைலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

"உன்னப் பத்திச் சொல்லுன்னு கேட்டாங்களா? எழுதித் தந்தத அப்படியே சொன்னியா?"

அவர் எழுதித் தந்தது ஒன்றரைப் பக்கம். அதில் முதல் பக்கம் முழுக்கக் குடும்பம்: தாத்தா குளச்சலில் என்ன செய்தார், அப்பா குவைத்தில் எந்தக் கம்பெனி, பெரியப்பா மகன் எந்தப் பேங்க். மகள் ஊர் பெயரையும் படிப்பையும் சொல்லி, கல்லூரியில் செய்த ஒரு சின்ன புராஜெக்டைப் பற்றிப் பேசினாள். கன்னியாகுமரி மாவட்ட பஸ் நேரங்களைத் தேடுகிற ஒரு புரோகிராம். நடுவில் இருந்தவர் அதில்தான் ஆர்வமாகக் கேட்டாராம்: ஒரு பஸ் வரவே இல்லையென்றால் உன் புரோகிராம் என்ன சொல்லும்? "வரும்னு சொல்லும் சார், இப்போதைக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றிருக்கிறாள். மூன்று பேரும் சிரித்தார்களாம்.

"சிரிச்சாங்களா?" அவருக்கு அது நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை. பெஞ்ச் கூடி விவாதித்தது. முன்னாள் கிராம அலுவலர் தீர்ப்பு: மூன்று பேரும் சேர்ந்து சிரித்தால் நல்லது, ஒருவர் மட்டும் சிரித்தால்தான் ஆபத்து.

"வேற?"

"எங்க போட்டாலும் போவியான்னு கேட்டாங்க. போவேன்னேன்."

இதைக் கேட்டதும் அவர் நிழலை விட்டு வெயிலுக்கு வந்துவிட்டார்.

அவருடைய சொந்த இன்டர்வியூ ஒன்று உண்டு. 1990களின் தொடக்கம். கன்னியாகுமரியில் கிளம்பி பம்பாய் வரை போன ஜெயந்தி ஜனதாவில், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், இரண்டு இரவு. அங்கே ஒரு ஏஜென்ட் ஆபீஸ் பின்கட்டில் நூறு பேர் வரிசை. இரும்புத் தகடு இரண்டைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினார். அரபி ஒருவர் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விரலை அசைத்தார். அவ்வளவுதான் மொத்தப் பேச்சு. துணைக்கு யாரும் போகவில்லை; போவதற்கு யாரிடமும் இன்னொரு டிக்கெட்டுக்குக் காசில்லை. பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்திருந்ததை ரயில் பயணங்களில் மட்டும் சொல்வார்.

பதினொன்றாம் நாள் மெயில் வந்தது. தேர்வாகியிருந்தாள். பயிற்சியும் பணியும் புனேயில். பல்கலைக்கழக வகுப்புகள் சனிக்கிழமை, ஆன்லைனில். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவர் மெயிலை இரண்டு தடவை படித்தார். அச்செடுத்துவரச் சொல்லி மூன்றாவது தடவையும் படித்தார். 'ஒரிஜினல்கள் சரிபார்த்தபின் திருப்பித் தரப்படும்' என்ற வரியின் கீழ் கறுப்புப் பேனாவால் கோடு போட்டார். பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "காலேஜ்தான். ஆபீசும்தான். சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கான்" என்று சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள் வைத்துவிட்டார்.

புனேக்கு எப்படிப் போவது என்று மகள் விமானம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பார்க்க வேண்டியதில்லை. கன்னியாகுமரியிலிருந்து காலையில் அதே வண்டி இன்னும் கிளம்புகிறது. மும்பை வரை போனது இப்போது புனேயோடு நின்றுவிடுகிறது. போனில் ஐ.ஆர்.சி.டி.சி.யைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, பயணிகள் விவரத்தில் முதலில் மகள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

பிறகு கீழே, 'மேலும் ஒரு பயணி சேர்க்க' என்ற இடத்தைத் தொட்டார்.

"அப்பா, நீங்க எதுக்கு? நான் போய்க்கிடுவேன்."

"நீ போவ மக்களே. யாரு இல்லேன்னா? ஃபைல யாரு கொண்டு வருவா?"

லோயர் பெர்த் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.